அமெரிக்க மருத்துவப் படிப்பு: கடைசி வருஷம் வரைக்குமான கணக்கைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கல்விப் பக்கத்தில் சமீபத்தில் வெளிநாட்டு மருத்துவப் படிப்புகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் பற்றியெல்லாம் விவரமாகவே இருந்தது. அமெரிக்காவுக்கு மட்டும் இரண்டே வரி. டி.ஓ. என்னும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் அங்கே டாக்டர்களுக்கான வழக்கமான பட்டமான எம்.டி.க்குச் சமம், அதற்கு நீட் தேவையில்லை என்று முடித்துவிட்டீர்கள். முதல் வரி சரிதான். இரண்டாவது வரி பாதிதான் சரி. விட்டுப்போன அந்தப் பாதியில்தான் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். வெளிநாடு போய்ப் படிக்கிற பிள்ளைகளுக்காக நெட்வொர்த் சர்டிபிகேட், அதாவது குடும்பச் சொத்து மதிப்புச் சான்று, தயார் செய்வது என் பொறுப்பு. பெருந்துறை, காங்கேயம், கோபி, திருச்செங்கோடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பெற்றோர் வருவார்கள். பட்டா, வில்லங்கச் சான்று, எல்.ஐ.சி. பத்திரம், நகை மதிப்பீட்டுச் சீட்டு, மூன்று வருஷ ஐ.டி. ரிட்டர்ன் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருக்கும். ஒரு குடும்பம் தலைமுறையாகச் சேர்த்தது அத்தனையும் என் மேஜைமேல் வந்து விழுகிறது. அதைக் கூட்டிப் போட்டு ஆடிட்டரிடம் கையெழுத்துக்கு வைக்கிறவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் வந்தவர் சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிறவர். மகள் கோவையில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்திருக்கிறாள். பிளஸ் டூ முடித்தபோது நீட்டில் தகுதி மார்க் வந்தது, அரசு சீட்டுக்கு எட்டவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்போது கையில் வசதி இல்லை. "அம்மிணி டாக்டர் ஆகோணும்னு ஒரே பிடியா நிக்குதுங்க அக்கா, வீட்ட வெச்சாவது படிக்க வெச்சுப்போடறேன்" என்றார். கூடவே ஒரு வழவழப்பான தாளை எடுத்து நீட்டினார். கோவையில் நடந்த ஒரு கல்விக் கண்காட்சியில் ஒரு கன்சல்டன்சி கொடுத்தது. "அமெரிக்காவில் டாக்டர், நான்கே ஆண்டுகள், நீட் இல்லை, 45 லட்சம்" என்று கட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. 45 லட்சத்தின் தலையில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. தாளின் அடியில், என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிற அளவுக்குப் பொடி எழுத்தில், "முதலாம் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டும், விண்ணப்பச் செலவுகள், எங்கள் சேவைக் கட்டணம் தனி" என்று இருந்தது. அவர் அந்த நட்சத்திரத்தைக் கவனிக்கவே இல்லை. 45 லட்சத்தில் படிப்பு முடிந்துவிடும் என்றே நம்பிக்கொண்டு வந்திருந்தார்.

படிப்பில் குறை ஒன்றும் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் ஊரில், "இதுக்கு எதுக்குங்க அமெரிக்கா போகோணும், எலும்புக்குக் கட்டுப் போடற வைத்தியந்தானுங்களே" என்று கேட்டவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட டி.ஓ. கல்லூரிகள் இருக்கின்றன. மற்ற மருத்துவ மாணவர்கள் படிப்பது அத்தனையும் இவர்களுக்கும் உண்டு. அதற்கு மேல் கையால் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சிகிச்சை செய்யும் பயிற்சி சுமார் 200 மணி நேரம். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020-லிருந்து எம்.டி., டி.ஓ. இரண்டு பட்டக்காரர்களுக்கும் படிப்பு முடிந்தபின் செய்கிற மேற்பயிற்சி ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. ஆக, அமெரிக்காவில் டி.ஓ. என்றால் முழு டாக்டர்.

ஆனால் இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே ஆஸ்டியோபதி 1993-ல் வந்த தனிச் சட்டத்தின் கீழ் நடக்கிற வேறு தொழில். கையால் செய்யும் சிகிச்சையோடு சரி. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மருந்தெழுதும் டாக்டர் ஆக முடியாது. அந்தக் கன்சல்டன்சித் தாளின் பின்பக்கத்தில் "குறைந்த செலவில் ஐரோப்பாவில் ஆஸ்டியோபதி" என்று இன்னொரு பெட்டி இருந்தது. முன்பக்கத்தில் டாக்டர் என்று போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் அதே பெயரை மலிவு விலையில் காட்டினால், ஒரு தறிக்காரர் என்ன நினைப்பார்? இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, சேர்வதற்கு என்ன வேண்டும்? அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவம் சேர்வது வழக்கமில்லை. முதலில் ஒரு பட்டம் வேண்டும். அதில் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஒவ்வொன்றும் லேபோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு வருஷப் பாடமாகப் படித்திருக்க வேண்டும், ஆங்கிலமும் வேண்டும் என்று பெரும்பாலான டி.ஓ. கல்லூரிகள் கேட்கின்றன. நம் பெண்ணின் மார்க் ஷீட்களை எடுத்து வைத்துப் பார்த்தோம். மைக்ரோபயாலஜி நிறைய இருக்கிறது. அலைடு பாடமாகக் கெமிஸ்ட்ரி இருக்கிறது. பிசிக்ஸ் கல்லூரியில் எங்குமே இல்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், ஆனால் கேட்பது கல்லூரிப் பாடம். இதோடு, நம் மூன்று வருஷப் பட்டத்தை அவர்களுடைய நான்கு வருஷப் பட்டத்துக்குச் சமமாக எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு வருஷப் பாடமாவது படித்துவிட்டு வர வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகள் பல. அப்படியானால் நான்கு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு வருஷம், அதற்குத் தனிக் கட்டணம். இதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. இருக்கிற 40-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்களை எடுத்துக்கொள்பவை ஒரு பகுதிதான் என்பதும் இல்லை.

அப்புறம் எம்கேட் என்கிற அமெரிக்க மருத்துவ நுழைவுத் தேர்வு. நீட் இல்லை என்பவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான்கு பகுதிகள், மொத்தம் ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். மதிப்பெண் 472-லிருந்து 528 வரை. டி.ஓ. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி 503, 504 வாக்கில் இருக்கிறது. ஒரு பகுதி முழுக்க ஆங்கிலப் பத்திகளைப் படித்து யோசித்து விடை எழுதுவது, இன்னொன்றில் உளவியலும் சமூகவியலும். நம் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகளுக்கு அறிவியல் பகுதிகளைவிட இந்த இரண்டும்தான் கடினம், தயாரிக்க நாள் பிடிக்கும். இவற்றோடு பேராசிரியர்கள், டாக்டர் ஒருவர் ஆகியோரின் சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். டி.ஓ. டாக்டரிடமிருந்தே கடிதம் வேண்டும் என்று கேட்கிற கல்லூரிகளும் உண்டு. ஈரோட்டில் டி.ஓ. டாக்டருக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் டாக்டர் கூடவே நின்று வேலையைப் பார்த்த அனுபவத்தையும் கேட்கிறார்கள். இங்கே அதற்கு முறையான ஏற்பாடு கிடையாது, தெரிந்த டாக்டரைக் கெஞ்சித்தான் போக வேண்டும்.

விண்ணப்பம் போடுவதற்கே எவ்வளவு ஆகும் என்று நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். எம்கேட்டை அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் கூடுதல் கட்டணமும் சேர்ந்து 450 டாலர் வாக்கில். அதில் சலுகைத் திட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள் போன்றவர்களுக்கு, நம் பிள்ளைகளுக்கு இல்லை. டி.ஓ. கல்லூரிகளுக்கெல்லாம் ஏகோமாஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம். முதல் கல்லூரிக்கு ஏறக்குறைய 200 டாலர், அடுத்து சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் 60 டாலர் வாக்கில். பத்துக் கல்லூரிக்குப் போட்டால் 740 டாலர். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கல்லூரியும் தன் பங்குக்கு இரண்டாவது விண்ணப்பம் அனுப்பும். செகண்டரி என்பார்கள். அதற்கும் கட்டணம், சராசரியாக 75 டாலர் என்று வைத்தாலும் பத்துக்கு 750. நம் மார்க் ஷீட்களை அமெரிக்க முறைக்கு மாற்றி மதிப்பிடும் நிறுவனத்துக்கு ஒரு 200 டாலர். கூட்டினால் 2,140 டாலர், ரூபாயில் இரண்டு லட்சத்துக்குப் பக்கம். இதில் ஒரு டாலர்கூடத் திரும்பி வராது. மருதமலை ரோட்டில் பல்கலைக்கழகத்துக்கு அலைந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும் செலவும், புத்தகமும், கன்சல்டன்சி கேட்ட மூன்று லட்சமும் இதில் சேராது.

அந்த மூன்று லட்சத்தைப் பற்றி ஒன்று. ஏகோமாஸில் மாணவரே நேராகக் கணக்குத் தொடங்கி விண்ணப்பம் போடலாம், ஏஜென்ட் அவசியமே இல்லை. மே மாதத் தொடக்கத்தில் திறப்பார்கள். வர வரப் பார்த்து இடம் கொடுத்துக்கொண்டே போவார்கள் என்பதால் சீக்கிரம் போடுகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வகுப்பு அடுத்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில்தான். இந்தக் கால அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், அதைச் சொல்ல மூன்று லட்சமா?

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இடத்தை உறுதி செய்ய ஆயிரம், இரண்டாயிரம் டாலர் முன்பணம், பெரும்பாலும் திரும்பி வராது. விசாவுக்கு 185 டாலர், செவிஸ் என்கிற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். தனியார் டி.ஓ. கல்லூரிகளில் கல்விக் கட்டணம் பொதுவாக ஆண்டுக்கு 50,000-லிருந்து 65,000 டாலர். நடுவில் 55,000 என்று எடுத்தால் நான்கு வருஷத்துக்கு 2,20,000 டாலர், 1 கோடியே 98 லட்சம் ரூபாய். தங்கிச் சாப்பிட ஆண்டுக்கு 20,000 டாலர் என்று சிக்கனமாகப் போட்டாலும் இன்னும் 72 லட்சம். இரண்டே முக்கால் கோடிக்குப் பக்கம் வந்து நிற்கிறது. தாளில் இருந்தது 45 லட்சம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது அந்தத் தறிக்காரர் தாளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கால்குலேட்டரை வாங்கித் தானே இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

அதிலும் டாலர் 90-லேயே நிற்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. 2015-ல் 64 ரூபாய் வாக்கில் இருந்தது. நான்காம் வருஷக் கட்டணத்தை நாம் கட்டப்போவது அன்றைய விலையில்தானே.

அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அரசுக் கடன் இருக்கிறது. மிச்சிகனில் இருக்கிற என் சித்தப்பா பேரன் அப்படித்தான் டி.ஓ. படிக்கிறான். அவர்களுக்கே 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. இங்கிருந்து போகிற பிள்ளைக்கு அந்தக் கடன் அறவே கிடையாது. மாறாக, வெளிநாட்டு மாணவரா, ஒரு வருஷத்துக்கோ அதற்கும் மேலேயோ ஆன கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுக் காட்டு என்று கேட்கிற கல்லூரிகள் இருக்கின்றன.

அப்படியானால் இங்கே வங்கிதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொத்து என்றால் தோட்டம். கிணறும் தென்னையும் இருக்கிற மூன்று ஏக்கர், விற்றால் நல்ல விலை போகும். ஆனால் கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் ஈடாக எடுப்பதில்லை. கடன் திரும்பி வராவிட்டால் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு வழி செய்யும் சர்பேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்பதுதான் காரணம். அதனால் குடியிருக்கிற வீட்டுப் பத்திரம் போகிறது, தறிக் குடோன் பத்திரம் போகிறது. சமயத்தில் ஈரோட்டில் இருக்கும் தாய்மாமன் வீட்டுப் பத்திரமும் கூடச் சேர்ந்து போகிறது. இரண்டு கோடிக்குப் பத்து சதவீத வட்டி என்றாலே வருஷத்துக்கு 20 லட்சம். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். கட்டுகிற வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருந்தால்தான். கடன் பணமாக வங்கி வழியாக அனுப்பினால் டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே பிடிக்கிற வரி, பிடிக்க மாட்டார்கள். கைப்பணமாக வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இந்த மாதிரி விஷயங்களை எந்தக் கண்காட்சியிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக, நீங்கள் எழுதிய அந்த நீட் வரி. அமெரிக்கக் கல்லூரிக்கு நீட் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டில் முதல் மருத்துவப் பட்டம் படித்துவிட்டு இந்தியாவில் தொழில் செய்ய நினைக்கிறவர்கள் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது 2018-லிருந்து இருக்கிற விதி. அந்தத் தகுதி மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். பிளஸ் டூவோடு நீட் எழுதிவிட்டு மூன்று வருஷம் பி.எஸ்சி. படித்து முடித்த நம் பெண்ணுக்கு அது காலாவதியாகிவிட்டது. இதோடு தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் கொண்டுவந்த விதிகளில், வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதற்கு மேல் 12 மாதப் பயிற்சியையும் அதே நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. டி.ஓ. படிப்போ நான்கு வருஷம், அதாவது 48 மாதம். இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் துளியாவது இருந்தால், இந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று ஆணையத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. "போயிட்டு ஊருக்கே வந்து ஆஸ்பத்திரி வெச்சுக்கட்டும்" என்றுதான் அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னிமலையில் ஆஸ்பத்திரி வைக்க நினைக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

போக வேண்டாம் என்று யாரையும் நான் தடுக்கவில்லை. அங்கேயே இருந்து தொழில் செய்வது என்று முடிவெடுத்து, முழுத் தொகையும் தெரிந்து, அதற்கு வழியும் வைத்திருக்கிற குடும்பம் தாராளமாகப் போகட்டும். மேற்பயிற்சிக் காலத்திலேயே ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் சம்பளம் வரும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பயிற்சியே மூன்றிலிருந்து ஏழு வருஷம் ஓடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதிக் கணக்கைக் காட்டி வீட்டுப் பத்திரத்தை வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். கல்விப் பக்கத்தில் நாடு வாரியாக ஒரு முழு அட்டவணை போடுங்கள். விண்ணப்பச் செலவு, திரும்பி வராத கட்டணங்கள், எல்லா வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டணம், தங்கும் செலவு, இந்தியாவில் பட்டம் செல்லுமா என்பது, எல்லாமே ரூபாயில். கன்சல்டன்சி விளம்பரம் உங்கள் பத்திரிகையிலும் வருகிறது. முதல் வருஷக் கட்டணத்தை மொத்தச் செலவுபோலக் காட்டும் விளம்பரத்தை வாங்காதீர்கள். உங்களுக்கு வருமானம் குறையும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். பஞ்சாபில் பயண ஏஜென்ட்களும் விசா ஆலோசகர்களும் உரிமம் பெற்றுத்தான் தொழில் நடத்த வேண்டும் என்று 2012-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். அதுபோல இங்கேயும் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்ப்பவர்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தங்கள் கட்டணம் எவ்வளவு, இடம் கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துகிற கல்லூரிக் கனவு நிகழ்ச்சியில், வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கென்று விவரம் தெரிந்த ஒருவரை ஒரு மேஜை போட்டு உட்கார வையுங்கள்.

நீங்கள் அட்டவணை போடுவதாக இருந்தால், ரூபாய்க் கணக்கையும் கடன் கணக்கையும் சரிபார்த்துக் கொடுக்க நான் தயார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஆபீஸ் இல்லை. அடுத்த மே மாதம் விண்ணப்பம் திறப்பதற்குள் அது அச்சில் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஈரோடு.